மண் ஏற்றிய படகு

தானியேல் மூன்று நாளாகப் பெண்டாட்டி எப்சிபாவுக்குக் காய்கறித் தோட்டம் போட்டுக்கொண்டிருந்தான். அவன் போட்டு வைத்திருந்த லட்சணத்தைப் பார்த்தால், தோட்டத்தை அப்படியே ஏரியில் தள்ளி, ஆரம்பாக்கம் வரைக்கும் போய், மாமனார் வீட்டில் கை நனைத்துவிட்டுத் திரும்பி வரலாம் போலிருந்தது.

தோட்டம் ஒரு படகுக்குள் இருந்தது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

போன வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலையில் இருக்கும் தம்பி ஹேமந்த், ஆயுத பூஜையும் சனி ஞாயிறும் சேர்ந்து வந்த லீவுக்கு வீட்டுக்கு வந்தான். வந்தவன் தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல், வேலையை விடப்போகிறேன் என்றான். அண்ணனின் படகு சும்மாதானே கிடக்கிறது, இனி அதை நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றான். அவர்களுடைய அம்மா சூசையம்மாள் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் குழம்பிலேயே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அந்தப் படகின் மேல் அவளுக்குத் தீராத கோபம். ஆடி மாசம் முகத்துவாரத்தில் அலை அடித்துப் படகு புரண்டது. தானியேலின் வலது தோள் எலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்த டாக்டர், இனிமேல் வலை இழுக்கிற வேலையே ஆகாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து, இன்னொரு பிள்ளையைத் தண்ணீருக்கு அனுப்ப மாட்டேன் என்று மாதாவிடம் சொன்னவள் சூசையம்மாள். மாதாவிடம் சொன்னதை அவள் லேசில் மாற்றுகிறவள் இல்லை.

ஹேமந்த் வந்த மறுநாள், சனிக்கிழமை காலையில் தானியேல் டீ குடித்த டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தான்.

"படகெ எப்சிபாவுக்குக் குடுத்துட்றேன். அதுல மண்ணெப் போட்டுத் தோட்டம் வச்சிக்கட்டும்."

ஹேமந்த், அண்ணன் முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுந்து வெளியே போனான். சூசையம்மாள் அடுப்பை மூட்டி, எல்லாருக்கும் சேர்த்து ஆப்பம் சுட ஆரம்பித்தாள். எப்சிபாவுக்கு மட்டும் சந்தோஷப்படுவதா கூடாதா என்று தெரியவில்லை. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவள் ஆரம்பாக்கத்துக்காரி. அப்பாவுக்குக் கத்தரிக்காய்த் தோட்டம். கல்யாணமாகி லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்து நான்கு வருஷமாகிறது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஏரி, நடுவில் இருக்கிற மணலிலும் உப்பு. முருங்கைக் கொம்பு நட்டாள், கறிவேப்பிலை நட்டாள், அம்மா கொடுத்தனுப்பிய மல்லிப் பதியனைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டாள். எல்லாமே ஓரம் கருகிச் செத்தன. பொன்னேரியில் மருந்துக்கடை வேலைக்குப் பஸ்ஸில் போகும்போது, வழியில் யார் வீட்டு வேலியிலாவது அவரைப் பூத்திருந்தால் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தரைக்கு மேலே உயரமாக ஒரு தொட்டி கட்டிக் கொடுங்கள் என்று தானியேலை நச்சரித்துக்கொண்டே இருந்தாள். இப்போது கேட்டதைவிடப் பெரியதாகவே கிடைத்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமையை அவள் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

குப்பத்து ஆட்கள் தோள் கொடுத்துப் படகைத் தூக்கி வந்து, ஏரியைப் பார்த்த பின்வாசலில் இரண்டு பனங்கட்டைகளின் மேல் இறக்கினார்கள். தூக்கிய அத்தனை பேருக்கும் மூச்சு வாங்கியது. தானியேல் பழைய பெயின்டைத் தேய்த்து எடுத்தான். வலது கையைத் தூக்க முடியாது, எல்லாம் இடது கையால்தான். அடியில் ஃபைபர் வெளுப்பாகத் தெரிந்ததும், படகை ஒருக்களித்துச் சாய்த்து முட்டுக்கொடுத்துவிட்டு, உள்ளே வந்து உட்காரும்படி எப்சிபாவைக் கூப்பிட்டான்.

வெயில் படகின் வயிற்றை ஊடுருவி உள்ளே வந்துகொண்டிருந்தது. உள்பக்கம் முழுவதும் தேன் நிறத்தில் ஒளி. வெளியே நடந்து போகிறவர்களின் நிழல்கூட மங்கலாக அதில் தெரிந்தது. விரிசல் விட்ட இடங்கள் மட்டும் தனித்தனியாகப் பளிச்சிட்டன. அலையில் அடிபட்ட ஓரத்தில் அப்படிப் பல கோடுகள். நான்கு வருஷமாக இந்தப் படகு கொண்டுவந்த மீனைத்தான் அவள் சாப்பிட்டிருக்கிறாள். இதற்குள் இப்படி ஒரு வெளிச்சம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. கோயிலில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தாள்.

தானியேல் வெளிச்சம் வந்த இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டான். பிறகு ரெசின் பசையைக் கலக்கி, ஃபைபர் இழைத் துணியை வெட்டி வைத்து, ஒவ்வொரு வட்டமாக அடைத்தான். காய்ந்ததும் நேராக நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். அடியில் படுத்துக் கையால் தடவினான். சொட்டு ஒழுகவில்லை. அவன் முகத்தில் வந்த பெருமையைப் பார்த்து எப்சிபாவும் பெருமைப்பட்டுக்கொண்டாள். தோட்டக்காரர் மகளுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது ஆரம்பாக்கத்திலிருந்து குட்டி யானை வண்டியில் மண் வந்து இறங்கியிருந்தது. அவளுடைய அண்ணன் பூவரசன் சாக்குச் சாக்காக அனுப்பியிருந்தான். கூடவே கத்தரி நாற்று, மிளகாய் நாற்று. ஒரு சாக்கைப் பிரித்துக் கொட்டியதும் மண்ணோடு ஒரு மண்புழு விழுந்தது. சூசையம்மாள் குனிந்து பார்த்தாள். கடற்கரையிலேயே பிறந்து கடற்கரையிலேயே வாழ்க்கைப்பட்டவள். தூண்டிலில் குத்துவதற்குத்தான் புழுவை எடுத்திருக்கிறாளே தவிர, அது மண்ணுக்குள் போவதை நின்று பார்த்ததில்லை. புழு தலையை நுழைத்து, உடம்பை இழுத்துக்கொண்டு, மெதுவாக மறைந்தது. மாமியாரும் மருமகளும் கடைசி நுனி உள்ளே போகும்வரை பார்த்தார்கள்.

பின்பாதியில் மட்டும் மண் பரப்பி நாற்று நட்டுத் தண்ணீர் விட்டார்கள். மீதிச் சாக்குகளைத் திங்கட்கிழமைக்கு என்று சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். அன்று இரவெல்லாம் மழை.

இனி திங்கட்கிழமைக்கு வருவோம்.

விடிந்ததும் எப்சிபா பின்கதவைத் திறந்தாள். படகின் பின்பாதியில் மண் தெரியவில்லை, சேற்றுத் தண்ணீர்தான் தெரிந்தது. கத்தரி நாற்றுகள் கழுத்தளவு முங்கி, நுனி இலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தானியேல் தூறலில் நின்று, பிளாஸ்டிக் கேனை வெட்டிச் செய்த கோப்பையால் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தான். கடலில் செய்கிற அதே வேலை.

"ஏங்க, ஊத்தற தண்ணி எந்த வழியா வெளிய போவும்?"

"இன்னாத்துக்கு வெளிய போவணும்?"

"தொட்டின்னா அடியில ஓட்டை வேணாமா? வேரு அழுவிப்பூடுமே."

தானியேல் கோப்பையைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டான். "ஓட்டையா? படகுக்கா?"

சுவரோரம் பல் துலக்கிக்கொண்டிருந்த ஹேமந்த் நுரை தெறிக்கச் சிரித்தான். மூன்று நாளில் அவன் சிரித்தது அப்போதுதான். எப்சிபாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஓட்டை என்று ஒன்றைக் கண்டால் அடைக்காமல் அடங்காத கை தானியேலின் கை. வீட்டில் டீ வடிகட்டிக்குப் பக்கத்தில்கூட அவனை விடக்கூடாது என்று ஹேமந்த் சொல்ல, தானியேலும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான்.

சூசையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஹேமந்தின் பையைத் துழாவி, அவன் புதிதாக வாங்கிய பேட்டரி டிரில்லிங் மெஷினை எடுத்துக்கொண்டு வந்தாள். கம்பெனியில் கூட வேலை பார்க்கிறவர்கள் ஆயுத பூஜைக்கு அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டிருந்தார்கள். அதைப் பெரிய மகனிடம் நீட்டினாள்.

"போட்டுரு. நாலஞ்சு எடத்துல நல்லாப் பெருசா போட்டுரு."

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டையை அடைப்பது தானியேலுக்கு ஒரு வேலையா என்று நீங்கள் கேட்பீர்கள். தானாக விழுந்த ஓட்டை வேறு. அந்தக் குப்பத்தில், இனி இது தொழிலுக்குப் போகாது என்று முடிவு கட்டிய படகுக்குத்தான் வீட்டுக்காரன் தன் கையால் அடியில் துளை போடுவான். அப்படித் துளைத்ததை மறுபடி அடைத்துத் தண்ணீரில் இறக்க ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். கூட ஏறவும் ஆள் வராது. சூசையம்மாளுக்கு இது தெரியும். ஹேமந்துக்கும் தெரியும். அவன் வாயைக் கொப்பளித்துவிட்டு, சிரிப்பு போன முகத்தோடு வந்து நின்றான்.

தானியேல் மெஷினை வாங்கிக்கொண்டு படகுக்கு அடியில் குனிந்தான். முனையை ஒரு இடத்தில் வைத்தான். எடுத்தான். ஒரு சாண் தள்ளி வைத்தான். அதையும் எடுத்தான். உள்ளங்கையால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, துடைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எப்சிபா அவன் முகத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில், டாக்டர் பேசி முடித்துப் போனபிறகு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தானே, அன்றைக்குப் பார்த்த முகம். சனிக்கிழமை முழுக்க இவன் தனக்குத் தொட்டி செய்துகொண்டிருக்கவில்லை என்பது இப்போதுதான் விளங்கியது. இவன் படகைக் குணப்படுத்திக்கொண்டிருந்திருக்கிறான். அது இவனுக்கே தெரியாமல் கை தானாகச் செய்திருக்கிறது. தெரியாமல் செய்தவனிடம் கோபப்படவும் முடியவில்லை.

"நீயே போட்டுக்கோ எப்சி. எனக்குத் தோள் வலிக்குது," என்று மெஷினை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தானியேல் வேலிப்பக்கம் போய் ஏரியைப் பார்த்து நின்றுகொண்டான். இரண்டு நாளாக வலிக்காத தோள்.

மெஷின் கனமாக இருந்தது. அவளுக்குத் தோட்டம் வேண்டும். நான்கு வருஷமாக வேண்டும். மாமியார் வாசற்படியில் நின்று, போடு என்று கண்ணாலேயே சொல்கிறாள். ஒரு விரலை அழுத்தினால் தோட்டமும் கிடைக்கும், மாமியாரின் நிம்மதியும் கிடைக்கும், கொழுந்தனும் கம்பெனிக்கே திரும்பிப் போவான். அழுத்துவதற்குத்தான் கை வரவில்லை. அந்தத் தேன் நிற வெளிச்சத்துக்குள் தன்னைக் கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்தவனுக்கு முதுகைக் காட்டி, அதே இடத்தில் துளை போடுவதா?

அவள் தயங்கிய நேரத்தில் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. இந்த முறை சும்மா வரவில்லை. முகத்துவாரத்தை மணல் மூடிக் கிடந்ததால் ஏரிக்கு வந்த தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லை. போக வழியில்லாத தண்ணீர் வேலிக்கு அடியில் நுழைந்து பின்வாசலுக்குள் வந்தது. முதலில் ஈரம் மாதிரிதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கணுக்கால் நனைந்தது. எப்சிபா மெஷினை மாமியாரிடம் கொடுத்து, நனையாமல் வைத்துக்கொள்ளச் சொன்னாள். பிரிக்காத மண் சாக்குகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் துவைக்கிற மேடை மேல் ஏற்றினார்கள். சின்னச் சின்ன மீன்குஞ்சுகள் காலில் இடித்துக்கொண்டு போயின.

மத்தியானத்துக்குள் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. அப்போது மழை விட்டது.

முதலில் கேட்டது ஒரு சத்தம். மரம் முனகுகிற மாதிரி. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். படகுக்கு அடியில் கிடந்த முன்பக்கப் பனங்கட்டை தானாக நழுவி வெளியே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. படகின் மூக்கு லேசாக அசைந்தது. ஏரிப் பக்கம் திரும்பியது. அப்புறம் பின்பக்கமும், மண்ணோடும் சேற்றோடும் கத்தரி நாற்றோடும், மிக மெதுவாக, யாரும் தொடாமலே கட்டையை விட்டு எழுந்தது.

காற்று இல்லை. பின்வாசல் முழுக்க வானம் தலைகீழாகக் கிடந்தது. அந்த வானத்தின் மேல், குளியலறைச் சுவரை ஒட்டி, ஆறேழு கத்தரி நாற்றும் ஒரு வரிசை மிளகாய் நாற்றும் நகர்ந்து போய்க்கொண்டிருந்தன. தன் வாழ்நாளில் இதைவிட அழகான தோட்டத்தை எப்சிபா பார்த்ததில்லை. ஆரம்பாக்கத்திலும் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்ததை அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

தானியேல் தண்ணீரைக் கலக்காமல் நடந்து வந்து, படகின் விளிம்பில் இரண்டு விரல்களை வைத்தான். இழுத்தான். சனிக்கிழமை அத்தனை பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்த படகு, கூப்பிட்ட குரலுக்கு வருகிற மாதிரி அந்த இரண்டு விரலோடு வந்தது. வலது கை விரல்கள். தோளைத் தூக்க வேண்டிய அவசியமே இல்லை.

"தண்ணி தூக்கிடுச்சி," என்றான். அவ்வளவு மெல்லிய குரலில் அவன் பேசி வீட்டில் யாரும் கேட்டதில்லை.

எப்சிபா தண்ணீருக்குள் இறங்கி அவன் பக்கத்தில் போய் நின்றாள். "என் மண்ணெ எறக்கிக் குடுங்க."

"தோட்டம் வேணாமா உனக்கு?"

"வேணும். மீன் பெட்டியில போட்டுக்கிறேன். மாடி மேல வச்சிட்டா உப்பும் ஏறாது, தண்ணியும் ஏறாது."

எல்லாரும் சுவரோரம் பார்த்தார்கள். ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற நீல நிறப் பிளாஸ்டிக் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. தண்ணீர் வடிவதற்காக அடியிலும் பக்கத்திலும் பெட்டி செய்கிற கம்பெனிக்காரனே துளை போட்டு அனுப்பிய பெட்டிகள். உள்ளே கிழிந்த சாக்கை விரித்தால் மண் கொட்டாது. மூன்று நாளாக அந்தப் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றித்தான் எல்லாரும் நடந்துகொண்டிருந்தார்கள்.

தானியேலுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போயும் விட்டது. "எனக்குத்தான் வலை இழுக்க முடியாதே எப்சி. அப்புறம் இது எதுக்கு, இன்னா பிரயோஜனம்?"

"நீங்க இழுக்க வேணாம். எங்க போடணும்னு சொன்னாப் போதும். இழுக்கறதுக்கு ஒர்த்தன் மூணு நாளா மூஞ்சியெத் தூக்கி வச்சிக்கினு பின்னாலயே நிக்கிறான்."

ஹேமந்த் தலையைக் குனிந்துகொண்டான். தானியேல் அவனைப் பார்த்தான். கம்பெனிக்குப் போய் வெளுத்துப் போன கைகள். ஆனால் அதுவரை தண்ணீரில் அசையாமல் நின்றுகொண்டிருந்த விதத்தில், காலால் நீரோட்டத்தைப் பார்த்து நிற்கிற பழக்கம் போகாமல் இருந்தது. தானியேல் விளிம்பை இறுகப் பிடித்தான்.

"ஏறுடா."

ஹேமந்த் ஏறவில்லை. வாசற்படியைப் பார்த்தான். தானியேலும் பார்த்தான், எப்சிபாவும் பார்த்தாள். சூசையம்மாள் மேல்படியில் நின்றிருந்தாள். புடவை நுனி நனைந்திருந்தது. அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அந்த வீட்டில் அதற்கு மேல் ஒரு பேச்சு கிடையாது. ஒரு பிள்ளை இனி எந்த வேலைக்குப் போவான், இன்னொரு பிள்ளை இனி எதைப் பார்த்து எழுந்திருப்பான் என்பதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது.

அவள் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. படகைப் பார்த்தாள். மூக்கிலிருந்து ஆரம்பித்துப் பின்பக்கம் வரை, விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் இருந்த இடைவெளியை அளவெடுக்கிற மாதிரி பார்த்துக்கொண்டே வந்தாள். எத்தனை வருஷம் கரையில் நின்று பார்த்த கண். கோபம் இருந்த முகத்தில் இப்போது என்ன இருந்தது என்று எப்சிபாவால் சொல்ல முடியவில்லை. கையெடுத்துக் கும்பிடப் போகிறாளோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

"பின்னாடி தாழுது," என்றாள் சூசையம்மாள். "மண்ணெ எட்துட்டு ஏறச் சொல்லு."

ஹேமந்தின் முகம் மலர்ந்தது. அவன் ஓடிப்போய் மீன் பெட்டிகளைப் பிரித்தான். எப்சிபா முதல் நாற்றை வேரோடும் மண்ணோடும் அள்ளினாள். அந்த ஆரம்பாக்கத்து மண்புழு அவள் உள்ளங்கையில் நெளிந்தது. உயிரோடுதான் இருந்தது.

தானியேல் படியருகே போய் அம்மாவிடம் கையை நீட்டினான். "மெஷினெ குடு யம்மா. உள்ள வைக்கிறேன்."

"இருக்கட்டும்," என்றாள் சூசையம்மாள். மெஷினைப் புடவை முந்தானைக்குள் சுற்றி, இடுப்போடு அணைத்துக்கொண்டாள். "உன் தம்பி மொதல்ல ஒரு நடை போய்ட்டு வீடு வந்து சேரட்டும்."